வேண்டும்போது

நிறுவனம் கொடுத்த வரைபடத்தில்
தாமான் வரைக்கும் பச்சை.
ஆ லெக்கின் பேட்டரிக் கடையோடு பச்சை முடிகிறது.
அதற்கப்பால் ஒரு சாக்கடை,
செம்பனை லோரி திரும்பும் சேற்றுவளைவு,
பிறகு வெறும் சாம்பல் நிறம்.
சாம்பலுக்குள் பன்னிரண்டு கதவுகள்.

நான்காம் லயம், கதவு ஏழு என்று
மூன்று விதமாக அடித்துப் பார்த்தேன்.
முகவரி இல்லை என்றது பாரம்.
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த தவமலர் சொன்னாள்:
"சம்பளத்துல தண்ணிக் காசு பிடிக்கிறப்ப மட்டும்
இந்த வீடு எங்க இருக்குன்னு
தோட்டத்துக்கு நல்லாத் தெரியுது தம்பி."

ஆ லெக் பெயரில் பதிந்தோம்.
மாதம் பத்து வெள்ளி அவருக்கு,
லயத்தில் செத்துப்போகும் மோட்டார் பேட்டரி எல்லாமும் அவருக்கு.
கண்ணாடி இழை கடை வரை சட்டப்படி வந்தது.
கடையிலிருந்து சாக்கடையைத் தாண்டியது
ஒரு பழைய மழைக்குழாய்க்குள் படுத்துக்கொண்டு.
ஏணியைப் பிடித்தவன் ஒன்பதாம் கதவு ரஃபிக்குல்.
சுவரில் துளை போடும் வேலை எனக்கு மிச்சம்;
பலகைச் சுவர், துளைகள் முன்பே இருந்தன.

கடைசிக் கேள்வி: வீட்டில் எத்தனை கருவிகள்?
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
ஒரு வீட்டுக்கு முப்பத்தைந்து வெள்ளி என் கூலி.
கணக்குப்படி இது ஒரு வீடு.

போகும்போது விளம்பரத் தாளைக் கொடுத்தேன்.
சோபா, சிரிக்கிற நாலு பேர்,
'நீங்கள் விரும்பும் படம், உங்களுக்கு வேண்டும்போது.'
தவமலரின் சின்னவன் அதில்
சோபாவுக்கு மட்டும் மீசை வரைந்தான்.

மூன்றாவது வாரம் புகார்.
போனேன். இரவு ஒன்பது.
எட்டுக்கு ஆலைச் சங்கு ஊதி
குளித்து, சோறு போட்டு, பிள்ளைகளை அதட்டி
பன்னிரண்டு வீடும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறது.
பன்னிரண்டு திரையிலும்
ஒரே வெள்ளை வட்டம் சுற்றுகிறது.

"வேற நேரத்துல பாருங்களேன் அக்கா" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
"அஞ்சரைக்குப் பெரட்டு.
வேற நேரம்னு ஒண்ணு இருக்கா?
இருந்தா அதுக்கும் ஒரு வயரு இழுத்துக் கொடு."

என் கைப்பேசியில் புகாரை மூட மூன்று வழிகள்:
கருவிக் கோளாறு.
கம்பிக் கோளாறு.
வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூன்றாவதைத் தொட்டேன்.

பதினொன்றுக்கு மேல் வட்டம் தானாக நிற்கிறது.
ஒன்பதாம் கதவில் ரஃபிக்குலின் மகள்
விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டுகிறாள்.
அவள் ஊரில் அப்போதுதான் ஒன்பது.

ஆறாம் கதவுக்காரி விடிய மூன்று மணிக்கு எழுந்து
ஒரு பாகம் முந்திவிட்டாள் என்று புதுச் சண்டை:
மூத்த மருமகள் சாகவில்லை என்பது
பலகை வழியாக லயம் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

ஏழாம் கதவில் மட்டும் படம் நகரவில்லை.
தவமலரின் புருஷன் ரகுநாதனுக்கு இந்த வாரம் இரவு வேலை,
கொதிகலன் பக்கம்.
தன்னை விட்டுவிட்டுப் பார்க்கக் கூடாது என்று கட்டளை.
வில்லன் வாயைத் திறந்த இடத்தில் அவள் நிறுத்தி வைத்தாள்.
அவன் ஏழு மணிக்கு வரும்போது
அவள் உதிரிப்பழம் பொறுக்கப் போயிருப்பாள்.
அவள் வரும்போது அவன் குறட்டை.
சின்னவன் அந்த நீல வெளிச்சத்தில்தான் தூங்குகிறான்.

நாலு நாளாக வில்லன் வாய் மூடவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பேசி முடிப்பான்,
ஆலை ஓவர்டைம் கேட்காவிட்டால்.